உம் போட்டுப் பார்த்தால் விடை வருமா?

2022 மார்ச் 6, வாசகர் கேள்வி

அக்கா, எம்பிஏ போன்ற மேலாண்மைப் படிப்புகளில் சேர்வதற்கான ஜிமேட் தேர்வு எழுதப் போகிறேன். வாக்கியத்தின் கோடிட்ட பகுதிக்குச் சரியான வடிவத்தைத் தேர்ந்தெடுக்கும் வாக்கியத் திருத்தக் கேள்விகளில், ஐந்து விடைகளில் மூன்றை அடித்துவிட முடிகிறது. மிச்சம் இரண்டில் மாட்டிக்கொள்கிறேன். பேரலலிசம், அதாவது அடுக்கி வரும் உருப்படிகள் ஒரே வடிவில் நிற்கும் இணை அமைப்பு, பிடிபட்டால் பாதிக் கேள்விகள் முடிந்துவிடும் என்கிறார்கள். எனக்கு எல்லா விடையும் இணையாகத்தான் தெரிகிறது. உங்களுக்கு எப்படிப் பிடிபட்டது?

2022 மார்ச் 6, இரவு

எனக்கும் முதலில் பிடிபடவில்லை. முதல் முறை வெர்பலில், அதாவது ஆங்கில மொழிப் பகுதியில், 27 மதிப்பெண் வாங்கினேன். நான்கு மாதம் கழித்து இரண்டாம் முறை 38. இடையில் படித்த விதிகள் ஒன்றும் புதியவை அல்ல. மாறியது ஒன்றுதான்: ஆங்கில வாக்கியத்தைத் தமிழில் சொல்லிப் பார்க்கத் தொடங்கினேன்.

இந்த வாக்கியத்தைப் பாருங்கள். 'ஷி லைக்ஸ் டு ஸ்விம், டு ரன் அண்ட் சைக்ளிங்.' வேகமாகப் படித்தால் கண் தாண்டிப் போய்விடும். தமிழில் அதே கோணலோடு சொல்லுங்கள்: 'அவளுக்கு நீந்தவும் ஓடவும் சைக்கிள் ஓட்டுவதும் பிடிக்கும்.' இப்போது காதில் உறுத்துகிறது, இல்லையா? 'நீந்தவும் ஓடவும் சைக்கிள் ஓட்டவும்' என்றோ, 'நீந்துவதும் ஓடுவதும் சைக்கிள் ஓட்டுவதும்' என்றோதான் நம் வாய் சொல்லும்.

பள்ளியில் எண்ணும்மை என்று படித்தோமே, அதுதான் இது. தமிழில் உம் போட்டு அடுக்கினால் ஒவ்வொன்றின் வாலிலும் உம் ஒட்ட வேண்டும். 'அண்ணனும் தம்பி வந்தார்கள்' என்று யாரும் சொல்வதில்லை. ஆங்கிலத்தில் கடைசி உருப்படிக்கு முன்னால் ஒரே ஒரு அண்ட். மற்ற உருப்படிகள் எவை என்பதை அவற்றின் வடிவம்தான் காட்டிக்கொடுக்க வேண்டும். அதனால்தான் அங்கே வடிவம் பிசகினால் பிழை. நமக்கு உம் செய்யும் வேலையை அவர்களுக்கு வடிவம் செய்கிறது.

ஆகவே நான் செய்வது இது. 'அண்ட்' அல்லது 'ஆர்' கண்ணில் பட்டால் நின்றுவிடுவேன். அதற்கு வலப்பக்கம் உள்ள சொல் என்ன வடிவம் என்று பார்ப்பேன். அப்புறம் இடப்பக்கம் போய் அதன் ஜோடியைத் தேடுவேன். ஜோடி கிடைத்ததும் இரண்டுக்கும் மனத்துக்குள் உம் போட்டுச் சொல்வேன். ஒட்டினால் வைத்துக்கொள்வேன். ஒட்டாவிட்டால் அந்த விடையை அடிப்பேன்.

ஒன்றை மறந்துவிடாதீர்கள். கேள்வியில் கோடிடாத பகுதி மாறாது. பட்டியலின் ஒரு உருப்படி கோட்டுக்கு வெளியே இருந்தால் அதுதான் அளவுகோல், உள்ளே இருப்பவை அதற்கு இணங்க வேண்டும். இதைப் பார்க்காமலே விடைகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டுக்கொண்டிருந்ததில்தான் முதல் முறை என் நேரம் போயிற்று. 65 நிமிடத்தில் 36 கேள்வி, அதாவது ஒன்றுக்கு 108 நொடி. வாசிப்புப் பகுதிக்கு நேரம் மிச்சம் வைக்க வேண்டுமென்றால் வாக்கியத் திருத்தத்தை அதைவிடச் சீக்கிரம் முடித்தாக வேண்டும்.

2022 மார்ச் 8

முந்தாநாள் எழுதியதில் விட்டுப்போனது. நின்று பார்க்க வேண்டிய இடம் அண்ட் மட்டும் அல்ல. 'போத்' வந்தால் அண்ட் வரும். 'ஐதர்' வந்தால் ஆர், 'நீதர்' வந்தால் நார், 'நாட் ஒன்லி' வந்தால் பட் ஆல்சோ, 'பிட்வீன்' வந்தால் அண்ட், 'ஃப்ரம்' வந்தால் டு. 'ரேதர் தேன்', 'ஆஸ்… ஆஸ்', 'தேன்' இவையும் உண்டு. இவை ஜோடிச் சொற்கள். பிட்வீனுக்கு டு போட்ட விடை வந்தால் வேறெதையும் பார்க்காமல் அடிக்கலாம்.

நாட் ஒன்லிக்குத் தமிழ் நன்றாகக் கைகொடுக்கும். 'அவர் பிரெஞ்சு மட்டுமல்ல, ஜெர்மனும் பேசுவார்.' மட்டுமல்ல எதன்மேல் ஒட்டுகிறது? பிரெஞ்சின்மேல். அப்படியென்றால் நாட் ஒன்லியும் பிரெஞ்சுக்கு முன்னால்தான் நிற்க வேண்டும்: 'ஹி ஸ்பீக்ஸ் நாட் ஒன்லி பிரெஞ்ச் பட் ஆல்சோ ஜெர்மன்.' நாட் ஒன்லியைத் தூக்கி ஸ்பீக்ஸுக்கு முன்னால் வைத்தால் இடப்பக்கம் வினை, வலப்பக்கம் பெயர். தேர்வில் இந்த இடமாற்றத்தை ஓயாமல் கேட்பார்கள்.

2022 மார்ச் 19

திருத்தம். ஒருவருக்குத் தனிச் செய்தியில் பதில் எழுதும்போது 'பட்டியலில் எல்லா வினையும் ஒரே காலத்தில் இருக்க வேண்டும்' என்று சொல்லிவிட்டேன். தவறு. 'அவன் நேற்று வந்தான், நாளை போவான்' என்பதில் ஒரு குறையும் இல்லை. ஆங்கிலத்திலும் அப்படியே. 'ஷி வாஸ் பார்ன் ஆன் அ ஷிப் அண்ட் லிவ்ஸ் ஆன் ஒன் நவ்' சரியான வாக்கியம். ஒன்று செயப்பாட்டு வினை, இறந்த காலம். மற்றது செய்வினை, நிகழ்காலம். இரண்டும் முற்றுவினை, இரண்டுக்கும் எழுவாய் ஒன்று. இணைக்கு அது போதும். காலத்தைப் பொருள் முடிவு செய்யும்.

இதை நம்பி யாராவது ஒரு சரியான விடையை அடித்திருந்தால் மன்னிக்கவும்.

2022 மார்ச் 20

'தட்' பற்றிக் கேட்டிருந்தீர்கள். ஒரு வாக்கியத்தில் இரண்டாவது தட் தேவையா, வெட்டலாமா?

'விற்பனை குறைந்தது என்றும் அடுத்த ஆண்டும் குறையும் என்றும் அறிக்கை சொன்னது.' இதில் இரண்டாவது என்றும் இல்லாவிட்டால் என்ன ஆகும்? அடுத்த ஆண்டு குறையும் என்பது அறிக்கை சொன்னதா, எழுதுகிறவர் சொல்வதா என்று தெரியாமல் போகும். 'செட் தட்… அண்ட் தட்…' என்பதும் அதே காரணத்துக்காகத்தான். நீளம் குறைந்த விடைதான் சரி என்று நினைத்து அந்தத் தட்டை வெட்டாதீர்கள். என்றும் என்ற சொல்லுக்குள்ளேயே உம் இருக்கிறது. எனக்கு இதைக் கவனித்த நாளில் பெரிய சந்தோஷம்.

டு விஷயமும் இதுபோலத்தான். ஒன்று, முதல் உருப்படிக்கு முன்னால் ஒரே ஒரு டு. இல்லையென்றால் எல்லாவற்றுக்கும் டு. முதலுக்கும் மூன்றாவதுக்கும் போட்டு நடுவில் விடுவது கூடாது.

2022 ஏப்ரல் 2

இன்றைக்குக் கொஞ்சம் நீளமாக எழுதப் போகிறேன். இரண்டு வாரமாக மனத்தில் உருட்டிக்கொண்டிருப்பது.

முதல் குறிப்பில் சொன்ன உம் சோதனையை நம்பி ஒருவர் பயிற்சித் தாள் எழுதி, ஐந்து கேள்வி தவறிவிட்டது என்று அனுப்பியிருந்தார். உட்கார்ந்து பார்த்தேன். ஐந்தில் நான்கு ஒரே வகை. உம் சோதனை அங்கே வேலை செய்யவே செய்யாது. காரணம் ஆங்கிலத்தில் இல்லை, நம் தமிழில் இருக்கிறது.

பெயர்களை அடுக்கும்போது நாம் உம் போடுகிறோம். வினைகளை அடுக்கும்போது? 'வீட்டுக்கு வந்து, குளித்து, சாப்பிட்டுத் தூங்கினான்.' எங்கே உம்? ஒன்றும் இல்லை. கடைசி ஒன்றுதான் முற்றுவினை, மற்றதெல்லாம் வினையெச்சம். இந்த வினையெச்சம் இருக்கிறதே, அது மிகவும் தாராளமானது. 'குளித்துச் சாப்பிட்டான்' என்றால் ஒன்றன்பின் ஒன்று. 'ஓடி வந்தான்' என்றால் எப்படி வந்தான் என்பது. 'விழுந்து அடிபட்டான்' என்றால் ஏன் அடிபட்டான் என்பது. மூன்றுக்கும் ஒரே உருவம். தமிழில் இது குறையே இல்லை, கேட்பவருக்குச் சட்டென்று புரிந்துவிடும்.

ஆங்கிலம் இந்த மூன்றையும் தனித்தனியாகப் பிரிக்கும். ஒன்றன்பின் ஒன்று என்றால் அண்ட் போட்டு இணையாக அடுக்கும். எப்படி என்றால் 'பை' போட்டோ, 'ரன்னிங்' போன்ற இங் வடிவத்திலோ கீழ்ப்படுத்தும். விளைவு என்றால் காற்புள்ளி போட்டு இங் வடிவத்தைப் பின்னால் தொங்கவிடும். தேர்வுக் கேள்வி இந்தப் பிரிவின் மேல்தான் உட்கார்ந்திருக்கிறது.

ஒரு எடுத்துக்காட்டு. 'இந்த மருந்து ரத்த நாளங்களை விரித்து ரத்த அழுத்தத்தைக் குறைக்கிறது.' இதற்கு இரண்டு விடை வைத்துக்கொள்வோம்.

முதலாவது: 'த டிரக் வைடன்ஸ் பிளட் வெஸல்ஸ் அண்ட் லோயர்ஸ் பிளட் பிரஷர்.'

இரண்டாவது: 'த டிரக் லோயர்ஸ் பிளட் பிரஷர் பை வைடனிங் பிளட் வெஸல்ஸ்.'

முதலாவது அழகான இணை. வைடன்ஸ், லோயர்ஸ், கண்ணுக்குக் குளிர்ச்சி. ஆனால் மருந்து இரண்டு தனி வேலைகள் செய்கிறது என்றுதான் அது சொல்கிறது. விரிப்பதால்தான் குறைகிறது என்ற தொடர்பு போய்விட்டது. கேள்வியின் மூல வாக்கியம் அந்தத் தொடர்பைச் சொல்லியிருந்தால் இரண்டாவதுதான் விடை. இணை அமைப்பு என்று மட்டும் மனப்பாடம் செய்தவர் முதலாவதைத்தான் தேர்ந்தெடுப்பார். அந்த நான்கு கேள்விகளிலும் நடந்தது இதுதான்.

இன்னொரு பள்ளமும் இதற்குப் பக்கத்தில் இருக்கிறது. 'மழை கொட்டி ஆறு பெருகியது.' மழைக்கு ஒரு வினை, ஆற்றுக்கு ஒரு வினை, இருந்தும் வினையெச்சம் ஒப்புக்கொள்கிறது. ஆங்கிலத்தில் 'போரிங் ஹெவிலி, த ரிவர் ரோஸ்' என்றால் ஆறே வானத்திலிருந்து கொட்டியது என்று ஆகிவிடும். நமக்கு அது காதில் உறுத்தாது, ஏனென்றால் நம் இலக்கணம் அதை அனுமதிக்கிறது.

ஆக, முதல் குறிப்பை இப்படித் திருத்திக்கொள்கிறேன். பெயர்ப் பட்டியலுக்கும், உம் ஏற்கும் வடிவங்களுக்கும் தமிழ்க் காதை நம்பலாம். வினைகள் வரிசையாக வந்தால் காதை நம்பாமல் ஒரு கேள்வி கேளுங்கள்: இவை தோளோடு தோள் நிற்கும் செயல்களா, இல்லை ஒன்று மற்றொன்றின் வழியோ காரணமோ விளைவோ? தோளோடு தோள் என்றால்தான் இணை.

2022 ஏப்ரல் 3

நேற்று எழுதியதைக் காலையில் மறுபடி படித்தேன். உம் சோதனை பயனற்றது என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். தாளில் உள்ள பட்டியல்களில் பெரும்பாலானவற்றுக்கு அது இன்னும் வேலை செய்கிறது.

2022 மே 14

ஒப்பீடு. இதுவும் இணை அமைப்பின் உறவுதான், பலர் தனிப் பாடமாகப் படிக்கிறார்கள்.

'யானையின் காது முயலைவிடப் பெரியது.' பேச்சில் இதை யாரும் கண்டுகொள்வதில்லை. ஆனால் காதை ஒரு முழு முயலோடு ஒப்பிட்டிருக்கிறோம். 'முயலின் காதைவிட' என்றால்தான் காதுக்கும் காதுக்கும் ஒப்பீடு. ஆங்கிலத்தில் அதே காதை இரண்டாம் முறை சொல்லாமல் 'தட் ஆஃப்' அல்லது பன்மைக்கு 'தோஸ் ஆஃப்' போடுவார்கள். லைக், அன்லைக், கம்பேர்ட் வித், தேன் எதைப் பார்த்தாலும் இந்தப் பக்கம் உறுப்பா ஆளா, அந்தப் பக்கம் உறுப்பா ஆளா என்று பார்த்துவிடுங்கள். வாக்கியம் 'லைக்' என்று தொடங்கினால், காற்புள்ளிக்கு அடுத்து வரும் எழுவாய்தான் ஒப்பிடப்படும் பொருள். இதில் நான் இரண்டாம் தேர்வில் ஒன்றுகூடத் தவறவிடவில்லை என்றே நினைக்கிறேன். அவ்வளவு இயந்திரத்தனமாகப் பார்க்கலாம்.

2022 மே 15

'ரெஸ்பெக்டிவ்லி', அதாவது 'முறையே', வரும் வாக்கியங்கள் நிரல்நிறைதானா என்று கேட்டவருக்கு: ஆமாம், நாம் படித்த நிரல்நிறையேதான். இங்கே மூன்று, அங்கே மூன்று, வரிசை மாறக்கூடாது. எண்ணிக்கை சமமா என்று எண்ணுங்கள், போதும்.

2022 ஜூன் 26

பட்டியலுக்குள் பட்டியல். எல்லோரும் தடுக்கி விழும் இடம்.

'த மெதட் இஸ் க்விக், ஆக்யூரேட் அண்ட் காஸ்ட்ஸ் லிட்டில்.' மூன்று உருப்படிப் பட்டியல் போல வேஷம் போட்டிருக்கிறது. க்விக் பெயரடை, ஆக்யூரேட் பெயரடை, காஸ்ட்ஸ் வினை. ஒட்டவில்லை. 'அந்த முறை விரைவானதும் துல்லியமானதும் செலவு குறைகிறதும்' என்று தமிழில் சொன்னாலே தடுக்கிறது.

திருத்த இரண்டு வழி உண்டு. மூன்றையும் பெயரடை ஆக்கலாம்: க்விக், ஆக்யூரேட் அண்ட் சீப். அல்லது இரண்டு தளமாகப் பிரிக்கலாம்: 'இஸ் க்விக் அண்ட் ஆக்யூரேட் அண்ட் காஸ்ட்ஸ் லிட்டில்.' இதில் இரண்டு அண்ட். முதல் அண்ட் இரண்டு பெயரடைகளைச் சேர்க்கிறது, இரண்டாவது இஸ், காஸ்ட்ஸ் என்ற இரண்டு வினைகளைச் சேர்க்கிறது. இரண்டு அண்ட் வந்துவிட்டதே, பார்க்க நன்றாக இல்லையே என்று இதை அடித்துவிடுகிறவர்கள் பலர். நானும் அடித்திருக்கிறேன். அண்ட் எத்தனை என்று எண்ணாமல், ஒவ்வொரு அண்டும் யாரோடு யாரைச் சேர்க்கிறது என்று பார்த்தால் தெளிந்துவிடும்.

காற்புள்ளி மூன்று உருப்படிக்கான அடையாளம் என்ற பழக்கத்தை விடுவதற்கு எனக்கு ஒரு மாதம் ஆயிற்று.

2022 ஆகஸ்ட் 7

ஒருவர் மறுத்து எழுதியிருக்கிறார்: உம் சோதனை தொழிற்பெயர்களில் ஏமாற்றுகிறது என்கிறார். சரிதான். யோசித்துப் பார்த்தேன், அவர் சொல்வது முழுக்கச் சரி.

'வீடுகளின் அழிவும் கடைகளைக் கொள்ளையடிப்பதும்' என்று தமிழில் சொல்லலாம். கொஞ்சம் கரடுமுரடு, ஆனால் பிழை என்று யாரும் சொல்லமாட்டார்கள். ஆங்கிலத்தில் 'த டிஸ்ட்ரக்‌ஷன் ஆஃப் த ஹவுஸஸ் அண்ட் லூட்டிங் த ஷாப்ஸ்' என்றால் ஜிமேட் ஏற்காது. டிஸ்ட்ரக்‌ஷன் முழுப் பெயராகிவிட்ட சொல். லூட்டிங் பின்னால் நேராக ஷாப்ஸ் என்ற செயப்படுபொருளை வைத்துக்கொண்டு பாதி வினையாகவே நிற்கிறது. அதை முழுப் பெயராக்க முன்னால் 'த', பின்னால் 'ஆஃப்' வேண்டும்: 'த லூட்டிங் ஆஃப் த ஷாப்ஸ்.' தமிழிலும் 'அழிவும் கொள்ளையும்' என்றால் எவ்வளவு சுத்தமாக உட்காருகிறது பாருங்கள். அந்தச் சுத்தத்தைத் தேடுங்கள், உம் ஒட்டியதும் நின்றுவிடாதீர்கள்.

ஆக இப்போது சோதனைக்கு இரண்டு ஓட்டை தெரிந்துவிட்டது. வினை வரிசை ஒன்று, தொழிற்பெயர் ஒன்று.

இதே இங் இன்னொரு விதத்திலும் ஏமாற்றும். இங் என்று முடிந்தால் எல்லாம் ஒரு சாதி என்று எண்ணக்கூடாது. 'பில்டிங்' கட்டடமாக இருக்கலாம், கட்டுவதாக இருக்கலாம், கட்டிக்கொண்டு என்பதாகவும் இருக்கலாம். வால் ஒன்றாக இருப்பது இணை ஆகாது. செய்யும் வேலை ஒன்றாக இருக்க வேண்டும்.

2023 நவம்பர் 18

இந்த மாதம் ஜிமேட் ஃபோக்கஸ் வந்துவிட்டது. வெர்பலில் 23 கேள்வி, 45 நிமிடம், வாசிப்பும் தருக்கமும் மட்டும். வாக்கியத் திருத்தம் இல்லை. பழைய வடிவத்தை 2024 ஜனவரி 31 வரைதான் எழுத முடியும்.

வருத்தமாக இருக்கிறது, மறைக்கவில்லை. அந்தக் கேள்விகளோடு நான்கு மாதம் ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்தவள் நான். வேறு எந்தப் பாடமும் என் தமிழை இவ்வளவு உற்றுப் பார்க்க வைத்ததில்லை.

இனி இந்தக் குறிப்புகளைப் படிப்பவர்கள் ஜிமேட்டுக்காகப் படிக்க வேண்டாம். அமெரிக்கக் கல்லூரிச் சேர்க்கைக்கான ஏசிடி தேர்வின் ஆங்கிலப் பகுதி இருக்கிறது: 75 கேள்வி, 45 நிமிடம், அதாவது ஒன்றுக்கு 36 நொடி. ஆங்கிலத் திறன் தேர்வான டோஃபல் ஐடிபி இருக்கிறது. அதன் இலக்கணப் பகுதி 25 நிமிடத்தில் 40 கேள்வி. அதில் 25 கேள்விகளில் நான்கு இடம் கோடிட்டுப் பிழை எது என்று மட்டும் கேட்பார்கள். மாற்று விடை தரமாட்டார்கள், ஆகவே விடைகளை ஒப்பிடும் வித்தை அங்கே செல்லாது. கோடிட்ட நான்கில் ஒன்று பட்டியலுக்குள் இருந்தால் முதலில் அதைப் பாருங்கள்.

2024 ஜூலை 21

தேர்வு போனபிறகும் பழக்கம் போகவில்லை. அலுவலக அறிக்கையில் 'நோக்கங்கள்' என்று போட்டு ஐந்து புள்ளி வைத்திருந்தார்கள். 'செலவைக் குறைத்தல்', 'தரம் உயர வேண்டும்', 'புதிய வாடிக்கையாளர்கள்', இப்படி. ஒன்று தொழிற்பெயர், ஒன்று முழு வாக்கியம், ஒன்று வெறும் பெயர். எல்லாவற்றையும் குறைத்தல், உயர்த்தல், சேர்த்தல் என்று மாற்றினேன். மாற்றும்போதுதான் தெரிந்தது, புதிய வாடிக்கையாளர்களை என்ன செய்யப் போகிறோம் என்று எழுதியவருக்கே முடிவாகவில்லை. சேர்ப்பதா, தக்கவைப்பதா? வினை போட வேண்டிய கட்டாயம் வந்ததும் அவர் யோசிக்க வேண்டியதாயிற்று. இணை அமைப்பைத் தேர்வுக்கான தந்திரமாக மட்டும் நான் பேசியது குறைவு என்று இப்போது நினைக்கிறேன்.

2025 அக்டோபர் 12

2022இல் முதல் கேள்வி கேட்டவர் திரும்ப வந்திருக்கிறார். மகிழ்ச்சி. தம்பி, உங்கள் தங்கை ஏசிடி எழுதுகிறாள் என்றீர்கள். அதன் ஆங்கிலப் பகுதி இந்த ஆண்டு மாறிவிட்டது. புதிய வடிவத்தில் 50 கேள்வி, 35 நிமிடம். கேள்விக்கு 42 நொடி கிடைக்கும்.

அவள் மாட்டிக்கொண்ட கேள்வி நீங்கள் அன்றைக்குக் கேட்டதேதான்: இரண்டு விடையும் இணையாகத் தெரிகிறது, எதை எடுப்பது?

'த கமிட்டி டிசைடட் டு போஸ்ட்போன் த மீட்டிங் அண்ட் இன்ஃபார்ம் த மெம்பர்ஸ்' என்பது ஒன்று. அதே வாக்கியத்தில் இன்ஃபார்முக்குப் பதில் 'இன்ஃபார்ம்ட்' என்பது மற்றொன்று. இரண்டும் இணைதான். ஜோடிதான் வேறு. முதலாவதில் இன்ஃபார்மின் ஜோடி போஸ்ட்போன். இரண்டாவதில் இன்ஃபார்ம்டின் ஜோடி டிசைடட்.

தமிழில் சொல்லுங்கள். 'கூட்டத்தைத் தள்ளிவைக்கவும் உறுப்பினர்களுக்குத் தெரிவிக்கவும் குழு முடிவு செய்தது.' இது முதலாவது. தெரிவித்தாகிவிட்டதா என்று இதில் தெரியாது, முடிவு மட்டும்தான் நடந்திருக்கிறது. 'தள்ளிவைக்க முடிவு செய்து, உறுப்பினர்களுக்குத் தெரிவித்தது.' இது இரண்டாவது. தெரிவித்தாகிவிட்டது. ஒன்றில் உம் வந்தது, மற்றதில் வினையெச்சம் வந்தது.

நீங்கள் அனுப்பிய வாக்கியத்தில் அதற்கு அடுத்து, கோட்டுக்கு வெளியே, 'ஹூ ரிசீவ்ட் த நோட்டீஸ் த சேம் ஈவினிங்' என்று இருக்கிறது. அன்று மாலையே அவர்கள் கைக்குச் சேதி போய்ச் சேர்ந்துவிட்டது. அப்படியென்றால் தெரிவித்தது நடந்த செயல். இன்ஃபார்ம்ட்தான் விடை என்று தங்கையிடம் சொல்லுங்கள்.